கிளீனர் பக்கம் சாயும் வண்டி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, என்ன செய்யலாம்? அதனால் மைலேஜ், கிளட்ச் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தப் பகுதி முழுவதையும் சாய்வுக்கே கொடுத்துவிட்டேன்.

"போர்வெல் ரிக்கோடு போகும் சப்போர்ட் லாரி எங்களுடையது, ஆறு சக்கரம். கிளீனர் பக்கம், அதாவது இடது பக்கம், 600 லிட்டர் டீசல் டேங்க், 200 கிலோ வெல்டிங் ஜெனரேட்டர், டூல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) சேர்த்துக் கட்டியிருக்கிறோம். பெட்டியும் காலி டேங்கும் மட்டும் 300 கிலோ வரும். வண்டி அந்தப் பக்கம் மூன்றரை அங்குலம் இறங்கி நிற்கிறது. பட்டைக் (லீஃப் ஸ்பிரிங், வண்டியைத் தாங்கும் வளைந்த இரும்புத் தகடுகளின் கட்டு) கடைக்காரர் இரண்டு பட்டை சேர்க்கலாம் என்கிறார். இன்னொருவர் பட்டைக்கு அடியில் இரும்புக் கட்டை கொடுத்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"
லாரி உரிமையாளர், திருச்செங்கோடு

இரண்டு பேர் சொல்வதும் வண்டியை நிமிர்த்தும். ஆனால் இரண்டுமே முதலில் கை வைக்க வேண்டிய வேலை இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம், பெருக்கல் வகுத்தலைத் தாண்டாது. டீசல் லிட்டருக்குச் சுமார் 830 கிராம், ஆக டேங்க் நிறைந்தால் டீசலே 500 கிலோ. ஜெனரேட்டர், பெட்டி, காலி டேங்க் எல்லாம் சேர்ந்து இன்னொரு 500. மொத்தம் 1,000 கிலோ, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 90 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. பின்னால் இரட்டை டயர் ஜோடியின் நடுவும் நடுக்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட அதே 90 செ.மீ.தான். அப்படியென்றால், எடை முழுவதும் பின் ஆக்ஸில் மேலேயே இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த 1,000 கிலோவும் கிளீனர் பக்கச் சக்கரம் தலையிலேயே விழுகிறது, டிரைவர் பக்கச் சக்கரத்துக்கு அதில் பங்கே இல்லை.

பட்டையின் பாடு இதைவிட மோசம். பட்டைகள் சக்கரத்துக்கு நேராக இல்லை, உள்ளே தள்ளி சேஸிஸுக்கு அடியில், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நீங்கள் தொங்கவிட்ட எடை பட்டைக்கு வெளியே போய்விடுகிறது. அதனால் கிளீனர் பக்கப் பட்டை 1,400 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது, எதிர்ப்பக்கப் பட்டையில் 400 கிலோ குறைகிறது. வைத்தது 1,000 கிலோ, இரண்டு பட்டைக்கும் நடுவே வித்தியாசம் 1,800 கிலோ! 'இவ்வளவு எடைக்கா இப்படிச் சாய்கிறது' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஒரு பக்கப் பட்டை செட் ஒரு செ.மீ. அமுங்க 300 கிலோ வேண்டும் என்று வைத்தால் பட்டைக்குப் பட்டை 6 செ.மீ. ஏற்ற இறக்கம், அதுவே எட்டடி அகலப் பாடியின் ஓரத்தில் 14 செ.மீ.க்கு மேல் ஆகிவிடும். முன் பட்டைகளும் சேஸிஸும் கொஞ்சம் தாங்கிக்கொள்வதால்தான் உங்களுக்கு மூன்றரை அங்குலத்தோடு நிற்கிறது.

இப்போது இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பொருளைக் கிளீனர் பக்கத்திலிருந்து கழற்றி டிரைவர் பக்கம் மாட்டினால் இந்தப் பக்கம் குறைகிறது, அந்தப் பக்கம் ஏறுகிறது, பலன் இரண்டு மடங்கு. 600 லிட்டர் டேங்கை இரண்டு 300 லிட்டர் டேங்காகப் பிரித்துப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினால் டீசலால் வரும் சாய்வு முழுவதும் போய்விடும். ஜெனரேட்டரை டிரைவர் பக்கம் மாற்றினால், மிச்சமிருப்பது ஆரம்பத்தில் இருந்த பாரத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குப் பட்டைக் கடைப் பக்கமே போக வேண்டாம், ஸ்டெப்னியை இடம் மாற்றினாலே சரியாகிவிடும். வெல்டிங், பிராக்கெட் என்று ஒரு நாள் வேலை பிடிக்கும். பிடிக்கட்டும்.

டேங்கைப் பிரிக்கும்போது ஒன்று. இரண்டையும் அடியில் குழாய் போட்டு இணைத்து அப்படியே திறந்து விடாதீர்கள். வண்டி எந்தப் பக்கம் லேசாகச் சாய்கிறதோ அந்தப் பக்கம் டீசல் ஓடும், ஓடினால் இன்னும் சாயும், சாய்ந்தால் இன்னும் ஓடும். நடுவில் வால்வு வைத்து மூடியே வைத்திருங்கள், இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து எடுத்தால் போதும்.

சரி, இடம் இல்லை, மாற்ற முடியாது என்றால் அப்புறம் பட்டைக்கு வருவோம். அங்கேயும் முதல் கேள்வி 'எத்தனை பட்டை சேர்ப்பது' இல்லை. 'இந்த எடை எப்போதும் இருப்பதா, வந்து வந்து போவதா?' ஜெனரேட்டரும் பெட்டியும் எப்போதும் இருக்கும். டீசல் காலையில் 500 கிலோ, மூன்று நாள் கழித்து 50 கிலோ. டேங்க் நிறைந்த நிலையில் வண்டி நேராக நிற்கும்படி பட்டை வேலை பார்த்துவிட்டால், டீசல் தீர்ந்ததும் வண்டி டிரைவர் பக்கம் சாயும். ஆகவே நிரந்தர எடையோடு பாதி டேங்க் டீசலை மட்டும் கணக்கில் வைத்துச் சரி செய்யுங்கள். டேங்க் பாதியாக இருக்கும்போது நேராக நிற்கும்படி விட்டால் நிறைந்தாலும் தீர்ந்தாலும் சாய்வு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

பட்டை சேர்ப்பதற்கும் இருக்கும் பட்டையின் வளைவை ஏற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. அதே தடிமனில் பத்துப் பட்டைக் கட்டில் ஒன்று சேர்த்தால் கடினம் தோராயமாகப் பத்து சதவீதம் கூடும். ஆனால் கடையில் 'இது நல்ல கனமான பட்டை' என்று 10 மி.மீ.க்குப் பதில் 12 மி.மீ. எடுத்துக் கொடுத்தால் அந்த ஒரு பட்டை மட்டும் பழையதைப் போல 1.7 மடங்கு கடினம், ஏனென்றால் தடிமன் அங்கே மூன்று முறை பெருக்கப்படுகிறது. ஒரு பக்கம் மட்டும் இப்படிக் கடினமாக்கினால் நின்ற இடத்தில் வண்டி அழகாக நிமிர்ந்துதான் இருக்கும், பள்ளத்தில் இறங்கும்போது ஒரு பக்கம் அமுங்கி இன்னொரு பக்கம் அமுங்காமல் வண்டி பக்கவாட்டில் உதறும். எடை ஒரு பக்கம் பத்து சதவீதம் அதிகம் என்றால் கடினமும் பத்து சதவீதம் கூட இருப்பது நியாயம், அதற்கு மேல் வேண்டாம். மீதி உயரத்தை அதே பட்டைகளில் வளைவை ஏற்றி எடுப்பதுதான் என் விருப்பம். உங்கள் வண்டிக்கு ஒரு பட்டை, கூடவே லேசான வளைவு. இரண்டு பட்டை அதிகம்.

இரும்புக் கட்டைக்கு வருகிறேன். அது பட்டையின் கடினத்தைத் தொடாது, உயரத்தை மட்டும் தரும், செலவும் குறைவு, அதனால் நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும். ஆனால் பின்னால் ஒரு மூலையை மட்டும் தூக்கும்போது என்ன ஆகிறது? நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால் அந்தக் காலும் அதற்கு மூலைவாட்டில் எதிரே இருக்கும் காலும் எடையை வாங்கிக்கொள்ளும், மற்ற இரண்டும் லேசாகும். லாரியிலும் அதேதான். கிளீனர் பக்கம் பின்னால் கட்டை வைத்தால் அந்தச் சக்கரத்துக்கும் டிரைவர் பக்க முன் சக்கரத்துக்கும் பாரம் ஏறும், கிளீனர் பக்க முன் சக்கரம் லேசாகும். பிரேக் அடித்தால் ஸ்டீரிங் டிரைவர் பக்கம் இழுக்கப் பார்க்கும். சேஸிஸ் முறுக்கிக் கொடுக்கும் தன்மை உள்ள சாதாரண லாரியில் இது கொஞ்சமாகத்தான் தெரியும். உங்கள் வண்டியில் மேலே கட்டியிருக்கும் பாடி விறைப்பானது, அதனால் நன்றாகவே தெரியும். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே துண்டாகக் கடைந்த கட்டை, விரல் தடிமனுக்கு மேல் போகாமல், பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் தலை உட்காரக் குழி உள்ளதாக. தகட்டுத் துண்டுகளை அடுக்கி வைப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். முன் ஆக்ஸிலில் எந்தக் கட்டையும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குப் பிடிக்காது. பட்டை, வளைவு, கட்டை எதைச் செய்தாலும் கிளீனர் பக்க டயர்கள் சுமக்கும் எடை ஒரு கிலோகூடக் குறையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். டயரின் பாரத்தைக் குறைக்க வழி ஒன்றே ஒன்று, பொருளை நகர்த்துவது. அதேபோல், பட்டை சேர்த்ததால் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடை வரம்பும் கூடிவிடாது.

"ஒரு பக்கம் எவ்வளவு எடை என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடை மேடையில் மொத்த எடைதானே வரும்?"
ஓட்டுநர், நாமக்கல்

தரையோடு தரையாக இருக்கும் மேடையாகப் பாருங்கள், இரண்டு பக்கமும் சமதளமாக கான்கிரீட் போட்டிருக்க வேண்டும். முதலில் முழு வண்டியை ஏற்றி மொத்தம் எடுங்கள். அப்புறம் கிளீனர் பக்கச் சக்கரங்கள் மட்டும் மேடையிலும் மற்றவை வெளித் தரையிலும் இருக்கும்படி ஓரமாக ஓட்டி நிறுத்தி ஒரு சீட்டு, அதேபோல் டிரைவர் பக்கத்துக்கு ஒரு சீட்டு. இரண்டையும் கூட்டினால் மொத்தத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் தரை மட்டமாக இல்லை, அந்த மேடையை விட்டுவிடுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் போய்க் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கூடுதல் சீட்டுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தனித்தனியாகவும் எடுத்து வைத்தால் நல்லது. இரட்டை டயர் உள்ள ஒற்றைப் பின் ஆக்ஸிலுக்கான வரம்பு 2018 ஜூலையில் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது ஆக்ஸிலுக்கு. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று யாரும் சீட்டில் பார்ப்பதில்லை, டயர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.

உயரம் அளப்பதற்கும் இதே மாதிரி இடம்தான் வேண்டும். ரோட்டோரத்தில் நிறுத்தி அளக்கவே அளக்காதீர்கள். தார் ரோட்டில் தண்ணீர் வடிய ஓரத்தை நோக்கி இரண்டு, இரண்டரை சதவீதம் சரிவு விட்டிருப்பார்கள். சக்கரத்துக்குச் சக்கரம் 1.8 மீட்டருக்கு அது நாலரை செ.மீ. வரை வரும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே எந்தக் கோளாறும் இல்லாத வண்டிகூட ரோட்டில் கிளீனர் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். பட்டையை மாற்றிய பிறகும் சாய்வு போகவில்லை என்று வருபவர்களில் சிலருக்கு வண்டியில் கோளாறே இருந்திருக்காது.

கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் லெவல் ஒன்று போதும். பக்கத்துக்கு இரண்டு அளவு எடுங்கள்: தரையிலிருந்து ஆக்ஸில் வரை ஒன்று, ஆக்ஸிலிலிருந்து சேஸிஸின் கீழ் விளிம்பு வரை ஒன்று. முதல் அளவில் வித்தியாசம் வந்தால் டயர். இரண்டாவதில் வந்தால் பட்டை அல்லது எடை. லோடு இறக்கிய காலி வண்டியில் ஒரு முறை, லோடோடு ஒரு முறை. காலி வண்டியே சாய்ந்திருந்தால் எடைக் கணக்குப் போடுவதற்கு முன் கீழே படுத்துப் பாருங்கள். உடைந்த பட்டை, பட்டையின் முனையைச் சேஸிஸோடு கோர்க்கும் ஷேக்கிள் பின், புஷ் தேய்ந்தது, பட்டையை ஆக்ஸிலோடு பிடித்துக் கட்டும் யூ போல்ட் தளர்ந்தது, இதில் ஒன்று இருக்கும். உடைசல் பெரும்பாலும் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டித்தான் வரும், யூ போல்ட்டின் கிளாம்ப் தகடு மறைத்துவிடுவதால் டார்ச் அடித்தாலும் லேசில் தெரியாது. பட்டைகளுக்கு நடுவே துருப் பொடி வடிந்த கோடு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அப்படியும் பிடிபடவில்லையா? இரண்டு பக்கப் பட்டை செட்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் கூடவே பக்கம் மாறினால் பட்டையில் கோளாறு. அதே பக்கம் நின்றால் எடை, இல்லாவிட்டால் சேஸிஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

"பாரம் அதிகமுள்ள பக்க டயருக்கு மட்டும் பத்து பவுண்டு காற்று கூட அடித்தால் வண்டி நேராகாதா?"
மினி லாரி உரிமையாளர், கரூர்

ஆகாது. பத்து பவுண்டுக்கு டயர் சில மி.மீ. உயரும், நீங்கள் துரத்துவது அங்குலக் கணக்கு. உயரத்துக்காகக் காற்றைக் கூட்டுவதற்குப் பதில் பாரத்துக்காகச் சரியாக அடிக்கிறீர்களா என்று பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் 146/143 என்பது போல எண் இருக்கும், பெரிய லாரியின் டயரில் வருவது இது. 146 என்றால் ஒற்றையாக மாட்டினால் ஒரு டயர் 3,000 கிலோ, 143 என்றால் இரட்டையாக மாட்டினால் ஒன்றுக்கு 2,725 கிலோ. ஒரு பக்க ஜோடி 5,450 கிலோ. 11.5 டன் ஆக்ஸிலை இரண்டாகப் பிரித்தாலே பக்கத்துக்கு 5,750 வருகிறது! இரண்டு பக்கமும் சமமாக இருந்தாலே இந்த டயர் தாங்காது, இதில் ஒரு பக்கம் 500 கிலோ கூட ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் டயரில் என்ன எண் என்று குனிந்து பாருங்கள், எடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். அதிகப் பாரம் தாங்கும் பக்கத்துக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அதையே அந்த ஆக்ஸிலின் எல்லா டயருக்கும் அடித்துவிடுங்கள். இரட்டை டயர் ஜோடியில் ஒன்று புதிது, ஒன்று மொட்டை என்று மாட்டியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். புதியது உயரமாக இருப்பதால் பாரத்தை அதுவே வாங்கிக்கொள்ளும்.

"இங்கே பிக்கப் டிரக்கில் வேலை சாமான் அலமாரி கட்டியிருக்கிறேன், கனமெல்லாம் டிரைவர் பக்கம். பின் பட்டைக்கு உதவியாகக் காற்றுப்பை இரண்டு போட்டு 35 பி.எஸ்.ஐ. அடித்தேன். உயரம் ஏறியது, ஆனால் சாய்வு அப்படியே இருக்கிறது."
எலக்ட்ரீஷியன், ஸ்கார்பரோ, கனடா

இரண்டு பைகளுக்கும் ஒரே குழாயில் டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு ஒரே வால்விலிருந்து காற்று அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இரண்டு பையிலும் எப்போதும் ஒரே அழுத்தம்தான் நிற்கும். பாரம் உள்ள பக்கப் பை அமுங்கும்போது அதிலிருக்கும் காற்று குழாய் வழியாக லேசான பக்கத்துப் பைக்குப் போய் அந்தப் பக்கத்தைத் தூக்கும். சாய்வுக்கு நீங்களே உதவி செய்கிற மாதிரிதான். வளைவிலும் இதே வேலை நடக்கும். டீயைக் கழற்றிவிட்டுத் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு போடுங்கள். பெரிய செலவு இல்லை.

போட்ட பிறகு இரண்டிலும் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து, முதலில் வண்டியின் பின்பக்கம் வழக்கமான உயரத்துக்கு வரும் வரை இரண்டையும் சேர்த்து ஏற்றுங்கள். அப்புறம் டிரைவர் பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சக்கர வளைவின் உயரம் இரண்டு பக்கமும் ஒன்றாகும்போது நிறுத்துங்கள். 45, 25 என்று வந்து நின்றாலும் தப்பில்லை. லேசான பக்கத்தை மட்டும் முழுக்க இறக்கிவிடாதீர்கள், தயாரிப்பாளர்கள் சாதாரணமாகச் சொல்லும் குறைந்த அளவு 5 பி.எஸ்.ஐ. காற்றே இல்லாத பை மடிந்து கிழியும். உங்கள் ஊர்க் குளிருக்கு ஒரு குறிப்பு: 20 டிகிரி உள்ள கராஜில் அடித்த காற்று வெளியே மைனஸ் 15ல் 45லிருந்து 38க்குப் பக்கத்திலும், 25லிருந்து 20க்குப் பக்கத்திலும் இறங்கும். அதிகமாக அடித்த பக்கம் அதிகமாகக் குறைவதால் குளிர்காலத்தில் சாய்வு லேசாகத் திரும்பி வரும். வண்டி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், ஒரு தடவை அடித்துவிட்டால் போதும்.

காற்றுப்பை போட்டதால் வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எடை அளவு மாறாது. திருச்செங்கோட்டுக்காரருக்குச் சொன்னதேதான் உங்களுக்கும்: அலமாரியில் கனமான டிராயர்களை எதிர்ப்பக்கம் மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள்.

"வைக்கோல் ஏற்றிக்கொண்டு பாலக்காடு வழியாகக் கேரளா போகிறோம். கிளம்பும்போது நேராக இருக்கும் லோடு பாதி வழியில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. பட்டை சேர்த்தால் நிற்குமா?"
ஓட்டுநர், பட்டுக்கோட்டை

நிற்காது, ஏனென்றால் அங்கே சாய்வது லோடு, வண்டி அல்ல. ரோட்டின் ஓரச் சரிவில் மணிக்கணக்காக ஓடும்போது கட்டுகள் அமுங்கி இறங்கிக்கொண்டே வரும், இறங்கிய பக்கம் பாரம் கூடும், கூடினால் பட்டை அமுங்கும், பட்டை அமுங்கினால் உயரத்தில் இருக்கும் லோடு இன்னும் வெளியே தள்ளும்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, கணக்கை மட்டும் பாருங்கள். லோடும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசை மொத்த எடையில் 45 சதவீதத்தைத் தொடும்போது வண்டி கவிழும், அதுவும் பட்டையும் டயரும் அமுங்காத கெட்டியான வண்டி என்ற கணக்கில். அந்த மையம் ஒரு பக்கமாக வெறும் 10 செ.மீ. நகர்ந்துவிட்டால் 45 என்பது 40 ஆகிவிடும். கிளீனர் பக்கம் சாய்ந்த லோடுக்கு ஆபத்து வலது பக்க வளைவில், ஏனென்றால் அப்போதுதான் வண்டி இடப்பக்கம் தள்ளப்படும். கொண்டை ஊசி வளைவே வேண்டாம், வேகமாகச் சுற்றும் ஒரு ரவுண்டானா போதும்.

செய்ய வேண்டியது ஏற்றும் இடத்தில்தான். அடி வரிசைக் கட்டுகளை நெருக்கி மிதித்து அடுக்குங்கள், மேல் வரிசைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வையுங்கள். கயிற்றை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து இழுத்துக் கட்டாதீர்கள், இழுக்கும் பக்கம்தான் அதிகம் அமுங்கும். ஒரு கயிறு இந்தப் பக்கம் முடிச்சு, அடுத்தது அந்தப் பக்கம். கிளம்பி ஒரு மணி நேரத்தில் நிறுத்தி எல்லாக் கயிற்றையும் மறுபடி இறுக்குங்கள். சாய்ந்துவிட்ட லோடை எதிர்ப்பக்கம் டயர் ஏற்றி ஓட்டி நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம்.

"டவுன் பஸ் எல்லாமே ஏன் இடது பக்கம் சாய்ந்துகொண்டே ஓடுகின்றன?"
கல்லூரி மாணவி, மதுரை

இரண்டு கதவும் இடது பக்கம், படிக்கட்டில் தொங்குபவர்களும் இடது பக்கம். பதினைந்து பேர் படியிலும் படியோரத்திலும் நின்றால் 900 கிலோ, முதல் கேள்வியில் பார்த்த லாரியின் டேங்க், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்த எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதுவும் அவர்கள் நிற்பது பாடியின் விளிம்பில். பட்டை போட்ட பஸ்ஸில் இதற்கு நல்ல தீர்வு கிடையாது, கூட்டத்துக்காக இடது பட்டையை ஏற்றி வைத்தால் கடைசி டிரிப்பில் காலியாகப் போகும் பஸ் வலது பக்கம் சாயும்.

ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸில் லெவலிங் வால்வு என்று ஒன்று உண்டு, ஒரு சிறிய கம்பி ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே நின்று, இறங்கிய பக்கத்துக்குக் காற்றை விடும், ஏறிய பக்கத்திலிருந்து எடுக்கும். நாலு மூலைக்கு நாலு வால்வு இருக்கும் என்று நினைப்போம், சாதாரணமாக மூன்றுதான் வைப்பார்கள்: பின்னால் பக்கத்துக்கு ஒன்று, முன்னால் நடுவில் ஒன்று. நாலு வைத்தால் ஒவ்வொன்றும் தன் மூலையைத் தூக்கப் பார்த்து, திருச்செங்கோட்டுக்காரருக்குச் சொன்ன அந்த மூலைவாட்டுப் பாரம் ஏறும் வேலைதான் நடக்கும். நீங்கள் பார்க்கும் பஸ் ஏர் சஸ்பென்ஷனாக இருந்தும் நிரந்தரமாகச் சாய்ந்திருந்தால், அந்தக் கம்பி வளைந்திருக்கும், இல்லாவிட்டால் கழன்றிருக்கும். கல்லூரி நேரத்தில் உள்ளே இடம் இருந்தும் படியில் நிற்பவர்களை உள்ளே போகச் சொல்வது இன்னும் சுலபமான வைத்தியம்.

"கான்கிரீட் மிக்சர் லாரி ஓட்டுகிறேன். ஒரு பக்க வளைவில் மட்டும் வண்டி அதிகமாகச் சாய்வது போல இருக்கிறது. பிரமையா?"
ஓட்டுநர், ஸ்ரீபெரும்புதூர்

பிரமை இல்லை. டிரம் சுற்றும்போது உள்ளே இருக்கும் கான்கிரீட் நடுவில் உட்கார்ந்திருப்பதில்லை, டிரம் தூக்கிக்கொண்டு போகும் பக்கச் சுவரில் ஏறி நிற்கும். ஆகவே ஓடும்போது உங்கள் வண்டியின் எடை எப்போதுமே நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் தள்ளும் வளைவில் அதிகம் சாய்கிறது, எதிர் வளைவில் நன்றாக இருப்பது போலத் தெரிகிறது. காலியாக நிற்கும்போது அளந்தால் ஒன்றும் தெரியாது. பட்டையில் கை வைக்காதீர்கள், டிரம்மைப் போக்குவரத்துக்குச் சொல்லப்பட்ட மெதுவான சுற்றில் வைத்து ஓட்டுங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

பாதி நிறைந்த தண்ணீர் லாரிக்காரர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை. டேங்கருக்குள் குறுக்கே வைத்திருக்கும் தடுப்புத் தகடுகள் தண்ணீர் முன்னும் பின்னும் அலைவதைத்தான் தடுக்கும். பக்கவாட்டில் அலைவதை அவை தடுப்பதில்லை. முழுசாக நிரப்புங்கள், இல்லாவிட்டால் முழுசாகக் காலி செய்யுங்கள். பாதி டேங்கோடு போவதுதான் இருப்பதிலேயே மோசம்.

"தொய்ந்துபோன பட்டையை கேஸ் வைத்துக் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்கிறார்கள். புதுசு வாங்குவதில் பாதி செலவுகூட ஆகாது. செய்யலாமா?"
லாரி உரிமையாளர், சங்ககிரி

கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிடுபவராக இருந்தால் வேண்டாம். பட்டை இரும்பின் துள்ளல் முழுவதும் அது கடைசியாக எப்படிக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி எவ்வளவு சூட்டில் பதப்படுத்தப்பட்டது என்பதில்தான் இருக்கிறது. சும்மா காய்ச்சி ஆறவிட்டால் அந்த இடம் மெத்தென்று ஆகி முதல் முழு லோடிலேயே வளைவு இறங்கிவிடும். பட்டை முழுவதையும் உலையில் ஒரே சீராகக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, திரும்பப் பதப்படுத்தித் தரும் பட்டறையாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். பிரஸ்ஸில் வைத்துச் சூடு இல்லாமல் வளைவு ஏற்றுபவர்களிடமும் கொடுக்கலாம். பட்டையில் வெல்டிங் பொறி படக்கூடாது, பக்கத்தில் வேறு எதையாவது வெல்டிங் செய்தால்கூட ஈரச் சாக்குப் போட்டு மூடச் சொல்லுங்கள். பொறி பட்ட புள்ளியிலிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும்.

ஒரு பக்கம் மட்டும் புதுப் பட்டை, மறுபக்கம் பழசு என்று போட்டால் காலி வண்டியே சாயும், ஆகவே இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் செய்யுங்கள். யூ போல்ட்டுகளைக் கழற்றினால் பழையதையே திரும்ப மாட்டாதீர்கள், இழுபட்டு நீண்ட போல்ட் மறுபடி இறுக்கத்தைப் பிடித்து வைக்காது. புதுப் பட்டை ஓட ஓட உட்காரும், அதனால் முதல் லோடு இறக்கியதும் பட்டறைக்குத் திரும்பப் போய் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டுத்தான் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, ரோட்டில் வண்டி நண்டு மாதிரி ஓடுகிறது என்று அலைன்மென்ட் கடையைத் தேடுகிறார்கள்.